ஊர்ச் சுகாதார நிதியத்திடம் கணக்குக் கேட்பது எப்படி? (திருகோணமலை)

உப்புவெளிக்காரி:

வணக்கம். திருகோணமலைப் பக்கம் சங்கம், நிதியம் என்று ஓடித் திரிந்த அனுபவம் உள்ள யாராவது பதில் சொன்னால் நல்லது. எங்கள் பகுதியில் ஒரு சுகாதார நிதியம் இருக்கிறது. பெயர் போடவில்லை, தெரிந்தவர்களும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். 2022 இல் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் துண்டை எழுதிக் கையில் தந்து வெளியே வாங்கச் சொன்ன காலத்தில் தொடங்கினார்கள். சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின், டயலிசிசுக்குப் போகிறவர்களுக்கு ஆட்டோக் காசு, கிளினிக் நாட்களில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வருவது என்று நல்ல வேலைதான் செய்தார்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன், என் அம்மாவுக்கே கொஞ்சக் காலம் பிரஷர் மாத்திரை அவர்கள்தான் தந்தார்கள். அதனால்தான் நானும் உறுப்பினராகச் சேர்ந்து மாதச் சந்தா கட்டி வருகிறேன், லண்டனில் இருக்கும் அண்ணாவும் அனுப்புகிறார்.

பிரச்சினை வான் சம்பந்தப்பட்டது. நோயாளிகளை ஏற்றி இறக்க ஒரு வான் வாங்கப் போகிறோம் என்று தனியாகக் காசு சேர்த்தார்கள். கோயில் திருவிழாவில் மேசை போட்டார்கள், வட்ஸ்அப்பில் தினமும் படம் வந்தது. முதலில் வாகன இறக்குமதி நிறுத்தம் என்றார்கள், அது நீங்கிய பிறகு விலை எகிறிவிட்டது என்றார்கள். இரண்டும் உண்மைதான், சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் சேர்ந்தது எவ்வளவு, அது இப்போது எந்த வங்கியில் கிடக்கிறது என்று குழுவில் ஒரு வரி கேட்டேன். ஒருவர் கும்பிடு போட்டார். இன்னொருவர் "சேவை செய்கிறவர்களின் மனதை நோகடிக்க வேண்டாம்" என்று எழுதினார். அன்றிரவே குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நிதியத்தின் பதிவு இலக்கம் எதுவும் இல்லை. ஊதா மையில் முத்திரை அரைவாசிதான் விழுந்திருக்கிறது. தொகை இலக்கத்தில் மட்டும், எழுத்தில் இல்லை. "எதற்காக" என்று அச்சடித்திருக்கும் கோடு வெறுமையாக இருக்கிறது.

எனக்கு யாரையும் கள்ளர் என்று சொல்லும் எண்ணம் இல்லை. இந்த நிதியம் மூடப்பட்டால் முதலில் கஷ்டப்படுவது எங்கள் வீதியில் இருக்கிற நோயாளிகள்தான். ஆனால் கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா, எங்கே கேட்பது?

முன்னாள் பொருளாளர்:

தங்கச்சி, அந்த "எதற்காக" என்ற வெறும் கோட்டில்தான் விஷயமே இருக்கிறது.

நான் எங்கள் ஊர்ச் சங்கமொன்றில் நெடுங்காலம் பொருளாளராக இருந்தவன். சுனாமிக்குப் பிறகு காசு வெள்ளமாக வந்த காலத்தையும் பார்த்தேன், வற்றிய காலத்தையும் பார்த்தேன். கண்ட உண்மை என்னவென்றால், இப்படியான இடங்களில் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் குறைவு, எல்லாவற்றையும் ஒரே பானையில் கலக்கிறவன்தான் அதிகம். வானுக்கு வந்த காசில் இன்சுலின் வாங்குவார்கள், இன்சுலினுக்கு வந்த காசில் கட்டட வாடகை கட்டுவார்கள், வாடகைக்கு என்று ஒருவர் தந்ததில் கண் முகாம் நடத்துவார்கள். ஒவ்வொரு செலவும் நல்ல செலவுதான். ஆனால் இரண்டு வருடம் போனதும் வானுக்கு எவ்வளவு மிச்சம் என்று பொருளாளருக்கே தெரியாது. தெரியாததைக் கேட்டால் கோபம்தான் வரும். உங்கள் குழுவை மூடியதற்குக் காரணம் களவு என்று நீங்கள் நினைக்கலாம், எனக்கு வெட்கம் என்று படுகிறது.

குறித்த நோக்கத்துக்கென்று சேர்த்த காசைத் தனியாக எழுத வேண்டும். வேறு செலவுக்கு எடுப்பதென்றால் கூட்டம் கூடித் தீர்மானம் எடுத்து, தந்தவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். கூட்டறிக்கைப் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நீங்கள் வெறும் நன்கொடையாளர் இல்லை, சந்தா கட்டுகிற உறுப்பினர். அது பெரிய வித்தியாசம். முதலில் யாப்பின், அதாவது நிதியத்தின் சட்டதிட்டங்களின், பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது வைக்க வேண்டும், கணக்காய்வு செய்த கணக்கறிக்கையை யார் சமர்ப்பிக்க வேண்டும், எத்தனை உறுப்பினர் கையெழுத்து வைத்தால் விசேட கூட்டம் கூட்டலாம் என்றெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். அதற்குப் பிறகு செயலாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். வட்ஸ்அப்பில் கேட்டது கேள்வியாகாது, அங்கே எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதாலேயே மனுசன் முறுக்கிக்கொள்வான்.

கடிதத்தில் "கணக்கைக் காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். அதற்கு "தயாராகிக்கொண்டிருக்கிறது" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். போன டிசம்பர் 31 இல் வங்கிக் கூற்றின்படி மீதி எவ்வளவு, அதில் வானுக்கு உரியது எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஒரு திகதி, இரண்டு தொகை. ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இது அரை மணித்தியால வேலை.

முடிந்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள். செக்கில் இரண்டு பேர் கையெழுத்து என்று பெரும்பாலும் யாப்பில் இருக்கும். ஆனால் தலைவர் கொழும்புக்குப் போகிறார், மகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போகிறார் என்று வெறும் செக் புத்தகம் முழுவதிலும் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்புறம் இரண்டு கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

மனுப்போடுபவன்:

ஐயா சொன்னது உள்ளே இருந்து கேட்கிற வழி. வெளியே இருந்து கேட்கிற வழியும் இருக்கிறது, ஆனால் அது அந்த நிதியம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரதேச செயலகத்தில் ஒரு சங்கமாகப் பதிந்திருக்கலாம், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் இருக்கலாம், 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கலாம், நம்பிக்கைப் பொறுப்பாகவும் (ட்ரஸ்ட்) இருக்கலாம். எதிலும் பதியாமலும் இருக்கலாம், பற்றுச்சீட்டில் இலக்கம் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகமும் வருகிறது. கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளரிடம் கோப்பைப் பார்க்கலாம். 1980 சட்டத்தின் கீழ் என்றால், மோசடி அல்லது கையாடல் என்று ஆதாரத்தோடு முறைப்பாடு போனால் விசாரணைச் சபை அமைக்கலாம், 1998 திருத்தத்துக்குப் பிறகு இடைக்கால முகாமைத்துவ சபையைக்கூட நியமிக்கலாம். அது கடைசி ஆயுதம். உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

தகவலறியும் உரிமைச் சட்டம் (2016 இன் 12 ஆம் இலக்கம்) பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாத் தொண்டு நிறுவனமும் அதற்குள் வராது. அரசாங்கமோ மாகாண சபையோ வெளிநாட்டு அரசோ சர்வதேச நிறுவனமோ கணிசமாகக் காசு தந்து, பொதுமக்களுக்குச் சேவை செய்கிற அமைப்பு என்றால் வரும், அதுவும் அந்தச் சேவை சம்பந்தமான தகவலுக்கு மட்டும். ஊராரும் புலம்பெயர்ந்தவர்களும் தருகிற காசில் ஓடுகிற நிதியத்துக்கு நேராக மனுப் போட்டால் "எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்ல இடமிருக்கிறது.

ஆனால் கொடுத்தவர் வராவிட்டாலும் வாங்கினவர் வருவார். நிதியம் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கொடுத்தோம், மொனிட்டர் கொடுத்தோம் என்று படம் போட்டிருக்கும் அல்லவா? ஆஸ்பத்திரியும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிற பொது அதிகாரசபைகள். இன்ன காலத்தில் இந்த அமைப்பிடமிருந்து அன்பளிப்பாகக் கிடைத்த பொருட்கள் எவை, எந்தத் திகதியில் பொருட் பதிவேட்டில் ஏறின என்று அங்கே கேளுங்கள். அரசாங்க இடத்தில் பொருள் ஒன்று உள்ளே வந்தால் பதிவேட்டில் ஏறி அதன் உடம்பில் இலக்கம் எழுதப்பட வேண்டும், வருடா வருடம் போர்ட் ஒஃப் சர்வே என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டும். பேஸ்புக்கில் இருக்கிற கட்டில் பதிவேட்டில் இல்லையென்றால் கேள்வி இரண்டு பக்கமும் போகும்.

நடைமுறை இலகு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மனுவை ஏற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கிற தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு போய்க் கேட்க ஒரு மாகாண சுகாதார அமைச்சர்கூட நமக்கு இல்லாமல் போனது. அதற்குப் பிறகு இந்த மனுத்தான் எனக்குக் கைகொடுத்தது.

குழுவில் இருக்கிறவன்:

உப்புவெளிக்காரியின் நிதியத்தோடு எனக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் இதே போன்ற இன்னொரு அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் சட்ட இலக்கம் சொல்கிறீர்கள், மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கணக்காய்வாளருக்குக் காசு கட்ட வேண்டும். அந்தக் காசை யார் தருவது? தருகிற ஒவ்வொருவரும் "என் காசு முழுவதும் நோயாளிக்கே போக வேண்டும், ஒஃபிஸ் செலவுக்கு ஒரு சதமும் எடுக்கக்கூடாது" என்றுதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்கிற காசு, வங்கிக் கட்டணம், கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு எல்லாம் வானத்திலிருந்தா விழும்? நாங்கள் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறோம். பிழை வரும். பிந்தும்.

அதோடு ஆளுக்கொரு விதமாக ஆதாரம் கேட்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்பிவிட்டு, மருந்து வாங்கின ஆளின் படம், மருந்துத் துண்டு, அடையாள அட்டை எல்லாம் அனுப்பு என்கிறார். எங்களிடம் வந்த ஒரு அக்காவுக்குக் காசநோய். மருந்து அரசாங்கம் தருகிறது, நாங்கள் சத்துணவுக்கு மட்டும் உதவினோம். அவவின் முகத்தைப் போட்டால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும். நாங்கள் போடவில்லை. உடனே "கணக்கை மறைக்கிறார்கள்" என்று கதை. 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கச் சட்டமே வந்தது, நோய் விபரம் எவ்வளவு பாரதூரமானது என்று யோசியுங்கள்.

இன்னொன்று. கேட்கிறவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதில்லை. போன முறை பொதுக்கூட்டம் வைத்தோம், கதிரைகள்தான் வந்திருந்தன.

முன்னாள் பொருளாளர்:

தம்பி, கோபம் நியாயம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். நோயாளியின் பெயர் கணக்கில்லை. நோயாளிக்கு ஒரு இலக்கம் போடுங்கள், பெயர்ப் பட்டியல் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும், கணக்காய்வாளர் மட்டும் பார்க்கட்டும். வெளியே "இந்த மாதம் இத்தனை பேருக்கு இன்சுலின், இவ்வளவு ரூபா, இந்தப் பார்மசியில்" என்று போட்டால் போதும். படம் போடுகிற அமைப்புகள்தான் பெரும்பாலும் தொகை போடுவதில்லை, நான் கவனித்திருக்கிறேன்.

பார்மசி என்றதும் ஞாபகம் வருகிறது. நம்முடைய ஊர் சின்னது, பொருளாளரின் மைத்துனர் பார்மசி வைத்திருப்பார், அங்கேதான் கடனுக்கும் மருந்து கிடைக்கும். அதில் வாங்குவது பிழையில்லை. மூன்று இடத்தில் கொட்டேஷன் எடுத்து, இவர் எனக்கு இன்ன முறை என்று கூட்டத்தில் சொல்லி, அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காமல் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. பிறகு தெரியவந்தால்தான் நாறும்.

கணக்காய்வுச் செலவு பற்றிச் சொன்னதில் நான் உங்கள் பக்கம். நூறு வீதமும் மக்களுக்கே என்று நோட்டீஸ் அடிக்கிற அமைப்பை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா:

லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் திருக்கடலூர். உப்புவெளிக்காரியின் அண்ணாவுக்குச் சொல்கிறேன். அவர் இங்கே பதிவான சரிட்டி (தொண்டு நிறுவனம்) ஒன்றின் ஊடாக அனுப்புகிறார் என்றால் வேலை மிகச் சுலபம். இங்கிலாந்து, வேல்ஸ் சரிட்டி கொமிஷனின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைப் போட்டால் வருமானம், செலவு, பொறுப்பாளர்கள் பெயர் எல்லாம் வரும், காசு கட்டத் தேவையில்லை. நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், பிந்தினால் பிந்தியது என்று அங்கேயே எல்லோருக்கும் தெரியும்படி காட்டும். கனடாவில் இருப்பவர்கள் வருமான வரி முகவரகத்தின் தளத்தில் ரி3010 என்ற படிவத்தைப் பார்க்கலாம், அங்கே ஆறு மாதம்.

கிஃப்ட் எய்ட் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இங்கே வரி கட்டுகிறவர் படிவத்தில் ஒப்பமிட்டு 100 பவுண் கொடுத்தால், சரிட்டி அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பவுண் எடுக்கலாம். ஊருக்கு 100 வந்ததா, 125 வந்ததா? இடையில் இங்கே மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போனது? ஊரில் இருக்கிறவர்களை மட்டும் நெருக்கிவிட்டு இங்கே நடக்கிற விருந்துகளை யாரும் கேட்பதில்லை, அது எனக்கு எரிச்சல்.

ஆனால் பலர் இதெல்லாம் இல்லாமல் உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றுவது), இல்லாவிட்டால் தலைவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். "அவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும்" என்பார்கள். அந்தக் காசைப் பிறகு எந்தக் கொம்பனாலும் தேடிப் பிடிக்க முடியாது. நாளைக்கு அந்த மனுசன் மண்டையைப் போட்டால் அது பிள்ளைகளின் முதுசம்.

கிண்ணியா நானா:

சுருக்கமாக ஒன்று. எங்கள் பக்கம் ஒரு கிளினிக்கில் தண்ணீர் வடிகட்டும் மெசின் ஒன்று இருக்கிறது. முன்னால் ஒட்டியிருக்கிற அன்பளிப்பு ஸ்டிக்கர் புதுசு, பளபளவென்று இருக்கிறது. ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு அமைப்பின் ஸ்டிக்கர். ஒரு மெசின், இரண்டு அன்பளிப்பு, இரண்டு திறப்பு விழாப் படம். இடையில் யாருடைய காசுக்கு வேலை வந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். வடிகட்டியை மாற்ற இரண்டு பேரும் காசு தரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். மனுப்போடுபவன் தம்பி சொன்ன பதிவேட்டு இலக்கம் இருந்திருந்தால் இந்த விளையாட்டு நடந்திருக்காது.

மருந்து அன்பளிப்பையும் கேளுங்கள். வந்திறங்கும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. காலாவதிக்குக் கிட்ட வந்த பெட்டிகளை அனுப்பிவிட்டு இத்தனை லட்சம் பெறுமதி என்று அறிக்கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அழிக்கிற செலவு ஆஸ்பத்திரிக்கு. கணக்கில் பெறுமதி மட்டும் பார்க்காமல், பெட்டியில் இருந்த திகதியையும் பாருங்கள்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் இருக்கிறவன் அண்ணா, கதிரை பற்றிச் சொன்னது சுட்டது. எங்கள் நிதியத்தின் கடைசிப் பொதுக்கூட்டத்துக்கு நானும் போகவில்லை, போயிருந்தால் இந்த ஒரு வரியை அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு அழைப்பும் முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

யாப்பின் பிரதி கிடைத்துவிட்டது. செயலாளரின் மனைவி என்னோடு படித்தவ, அவ மூலம் வாங்கினேன். பிரதேச செயலகத்தில் பதிந்த சங்கம், இலக்கம் இருக்கிறது, பற்றுச்சீட்டில் போடாமல் விட்டிருக்கிறார்கள். உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்து வைத்தால் விசேட கூட்டம் கேட்கலாம் என்று இருக்கிறது. அதற்கு முன் பொருளாளர் ஐயா சொன்ன மாதிரி ஒரு திகதி, இரண்டு தொகை என்று கடிதம் எழுதினேன், இன்னும் சில உறுப்பினர்களும் கையெழுத்து வைத்தார்கள். ஒரு மாமி மட்டும் "அவர்கள் எனக்கு மருந்து தந்தவர்கள், நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது பிள்ளை" என்று விட்டுவிட்டா. அவவை நான் வற்புறுத்தவில்லை.

நேற்றுப் பொருளாளர் போன் எடுத்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன், சாதாரணமாகத்தான் பேசினார். கடிதத்துக்கு எழுத்தில் பதில் தரக் கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறேன் என்றார். போகலாமா? எனக்குக் கணக்கு அவ்வளவாகத் தெரியாது.

முன்னாள் பொருளாளர்:

போங்கள். தனியே போகவேண்டாம், கையெழுத்து வைத்தவர்களில் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டை விட நிதியத்தின் அலுவலகம் நல்லது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கையால் எழுதின புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள், வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் டிசம்பர் மீதி ஒன்றா என்று பாருங்கள், ஒன்றில்லை என்றால் எந்தச் செக் இன்னும் மாறவில்லை என்று கேளுங்கள். உங்கள் பற்றுச்சீட்டின் இலக்கத்தை அடிக்கட்டையில் தேடி, தொகை ஒன்றா, "எதற்காக" என்ற இடத்தில் அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள்.